ஆரஞ்சு மூடி

எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது. மற்றவர்கள் திங்கட்கிழமையைத்தான் திட்டுவார்கள். எனக்கு அது நேர்மாறு. திங்கள் முதல் சனி வரை திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்குள் நுழைந்தால் வாசலில் இருப்பவர் வணக்கம் சொல்வார், லாரிக்காரர்கள் வழி விடச் சொல்லிக் கத்துவார்கள், கஸ்டம்ஸ் அதிகாரி, "அறிவு, அந்தப் பெட்டியைத் திற" என்பார். ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னிடம் எதையும் திறக்கச் சொல்வதில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். தாள் போதுமான அளவு கொடுத்திருக்கிறீர்கள். எதிரில் ஏட்டையா உட்கார்ந்திருக்கிறார். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்ததற்கு நன்றி.

என் பெயர் அறிவழகன். வயது ஐம்பத்தெட்டு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கல்யாணம் ஆகவில்லை. கப்பலில் வந்து இறங்கும் சரக்குப் பெட்டிகளை அதிகாரிகளின் சோதனைக்குத் திறந்து காட்டி, மாதிரி எடுத்துக் கொடுத்து, மறுபடி மூடி வைப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரே கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறேன். என் மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

இறந்துபோன மண்ணாங்கட்டி என் எதிர் வீட்டுக்காரன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று அப்படிப் பெயர் வைத்தார்களாம். என்னைவிட நான்கு வயது மூத்தவன், ஆனாலும் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் நின்றவன். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். செவிடனிடம் பேச ஒரு பொறுமை வேண்டும், மேடம். கத்தினால் அவர்களுக்குப் புரியாது. வலது தோளுக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தணித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் அந்தப் பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அவன் மனைவி பூவம்மா நான்கு வருடத்துக்கு முன்னால் போன பிறகு, அவனிடம் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார்கள். நான் அவனிடம் சொல்வேன். அவன் பதிலை அவர்களிடம் சொல்வேன்.

சாயங்காலம் மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்போம். யார் என்ன கத்தினான், நடுவர் என்ன சொன்னார் என்று நான் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். பிறகு டீ. பிறகு அவன் வீட்டிலோ என் வீட்டிலோ சாப்பாடு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஆயுதபூஜை விடுமுறைக்கு அவன் மகள் ரமாபாய் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். அப்பாவுக்குக் காதில் மாட்டும் மெஷின் வாங்கி வந்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு அவன் முதலில் என்னிடம்தான் வந்தான்.

"அறிவு, காக்கா கத்துறது கேக்குதுடா. குழாயில தண்ணி சொட்டுறது கூடக் கேக்குது. இத்தினி நாளா இன்னாத்தையெல்லாம் வுட்டுட்டேன் பாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் எழுத விரும்புகிறேன். அன்று சாயங்காலம் அவன் மைதானத்தில் யார் யாரோடோ பேசினான். கோல்கீப்பராக ஆடிய ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். யாரும் என்னிடம் எதையும் சொல்லி அவனிடம் சொல்லச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மறுபடி வந்தபோது ரமாபாய் முடிவாகச் சொல்லிவிட்டாள். "நைனா, நீ இங்க ஒண்டியா கெடந்து இன்னா பண்ணப் போற? மாயா உன்னியே கேட்டுகினு கீறா. எங்ககூட வந்துரு." மாயா அவளுடைய மகள், ஆறு வயது. 'ஒண்டியா' என்று அவள் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கையில் கரும்புத் துண்டு இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, நீங்களும் ஒரு தபா வந்து எங்க வூட்டைப் பாத்துட்டுப் போங்க" என்றாள். நல்ல பெண். ஒரு தபா என்றாள்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை மதிய வண்டிக்கு டிக்கெட் போட்டார்கள். வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த இரண்டு குடும்பத்திடம் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று நான் சொன்னேன். அது பொய்யும் அல்ல.

இப்போது துப்பாக்கி விஷயம். மாயாவும் தாத்தாவும் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அவள் விரலை நீட்டிச் சுடுவாள். இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுவான். "இன்னொரு தபா வுழு தாத்தா" என்பாள், இவன் இன்னொரு தடவை விழுவான். அவன்தான் என்னிடம் கேட்டான். "டேய், உங்க யார்டுல பொம்மைத் துப்பாக்கி எதுனா வருமா? கொயந்தைக்கு ஒண்ணு எட்த்துகினு போவணும்." நானாக ஆரம்பிக்கவில்லை.

அந்த வாரம்தான் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் வீட்டு உபயோகப் பொருள் என்று காகிதத்தில் இருந்தது. முன்வரிசையில் வாளியும் மக்கும். பின்னால் இருநூறு அட்டைப் பெட்டிகளில் பெட்டிக்கு ஒரு துப்பாக்கி. நான்தான் முதல் அட்டையைப் பிரித்தேன். கூட இருந்த சாபிரா மேடம், கஸ்டம்ஸ் அதிகாரி, தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார். அச்சு அசல் கைத்துப்பாக்கி. மேல் பாகத்தை இழுத்தால் பின்னால் வந்து 'டக்' என்று மூடும். எண் பொறித்திருந்தது. உள்ளே பாசிமணி மாதிரி சின்ன பிளாஸ்டிக் குண்டு. பொம்மை என்று காட்ட ஒரே அடையாளம்தான். குழலின் வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூடி.

விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. இதில் அது இல்லை, அதனால் பிடித்தார்கள். ஆரஞ்சு மூடி வேண்டும் என்று இங்கே எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வெளிநாடுகளில் கேட்கிறார்கள் என்று தயாரிப்பவனே வைத்துவிடுகிறான். அதையும் ஒட்டி வைப்பதில்லை. திருகி வைக்கிறான். சாபிரா மேடம் அன்று சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இதை ஒருத்தன் ரோட்டுல எடுத்து நீட்டினா, எதிர்ல துப்பாக்கியோட நிக்கிறவனுக்கு யோசிக்க ஒரு நொடிதான் இருக்கும், அறிவு. அந்த ஒரு நொடியில அவனுக்கு இந்த மூடி தெரியணும்." எல்லாவற்றையும் நொறுக்கிவிடச் சொல்லி உத்தரவு எழுதினார். நொறுக்கும்போது நானும் நின்றேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது நொறுங்கியது.

மூடியைக் கழற்ற இரண்டு திருகு போதும். திருகாமலே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குழந்தைக்கு அசல் மாதிரி இருந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அதே காரணத்துக்காகத்தான் கைப்பிடிக்குள் ஈயமும் ஊற்றினேன். காசிமேட்டில் வலையில் கட்டும் ஈயக் குண்டு எளிதாகக் கிடைக்கும். பழைய கரண்டியில் உருக்கி ஊற்றினால் கையில் எடுக்கும்போது நல்ல கனம்.

இல்லை. உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஈயம் குழந்தைக்காக அல்ல. எங்கள் தொழிலில் ஸ்கேனர் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். பிளாஸ்டிக் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். ஈயம் கறுப்பாக நிற்கும். ரயில் நிலையத்தில் பையை ஸ்கேனருக்குள் விடும்போது பொம்மை பொம்மையாகத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். நிறுத்துவார்கள். தனியாக அழைத்துப் போய் விசாரிப்பார்கள். அவனுக்கு ஒழுங்காகக் காது கேட்காது, பதில் சொல்ல நேரமாகும். நான் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்வேன். பொம்மைதான் என்று முடிவாவதற்குள் வண்டி போயிருக்கும். ரமாபாய் கொஞ்சம் கோபப்படுவாள். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஒரு மாதத்தில் மனது மாறாதா. அவனுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒரு வண்டியைத் தவறவிட வைப்பது கெடுதல் ஆகாது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மகளுக்குக் கருவாடு வாங்க வேண்டும் என்றான். இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போய் நெத்திலியும் வஞ்சிரமும் வாங்கிக்கொண்டு, ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கடையில் டீ குடித்தோம். அவன் காது மெஷினில் பேட்டரி இரண்டு நாளாகத் தீர்ந்திருந்தது. என்னைத்தான் வாங்கி வரச் சொல்லியிருந்தான். வியாழக்கிழமையே வாங்கிவிட்டேன். கொடுக்க மறந்துவிட்டேன். சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவன் பழையபடி வலது தோளை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

டீக்கடையில்தான் துப்பாக்கியைக் கொடுத்தேன். வீட்டிலேயே கொடுத்திருந்தால் ஏன் இவ்வளவு கனம் என்று பிரித்துப் பார்த்திருப்பான். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "இன்னாடா இது, நெஜத் துப்பாக்கியாட்டம் கீது" என்றான். என் தோளில் கை போட்டான். "நீ தோஸ்துடா. அங்க போய் உன்னிய மாதிரி ஒரு ஆள நான் எங்க தேடுவேன்?"

அப்போதுகூட நான் அதைத் திருப்பி வாங்கியிருக்கலாம்.

அவனால் பொறுக்க முடியவில்லை. பள்ளி விடுமுறை, பேத்தி வீட்டில்தான் இருப்பாள் என்று உடனே போன் போட்டான். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வெளியே நடைபாதைக்குப் போனான். இடது கையில் போன், வலது கையில் துப்பாக்கி. எதிரே இருந்த ஏடிஎம்மில் பணம் நிரப்பும் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. காவலுக்கு இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒருவர் இறங்கினார். அவர் பெயர் இசக்கிப்பாண்டி என்று பிறகு தெரிந்தது. பட்டாளத்தில் இருந்து வந்தவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் இதே மாதிரி வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கப் பார்த்திருந்தார்கள். வண்டிக்காரர்கள் எல்லோரும் பயந்துபோய் இருந்த நேரம்.

அவர் "கீழ போடு" என்று இரண்டு முறை கத்தினார். மண்ணாங்கட்டிக்குக் கேட்கவில்லை. போன் திரையில் வெயில் அடித்ததால் நிழலுக்காகத் திரும்பினான். திரும்பிய பக்கம் வண்டி இருந்தது.

அவன் விழுந்த பிறகு எல்லோரும் ஓடினார்கள். நான் அவனிடம் போனேன். போன் மல்லாக்க விழுந்திருந்தது, உடையவில்லை. மாயா அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தபா வுழு தாத்தா" என்றாள். நான்தான் போனை அணைத்தேன்.

அன்று உங்களிடம் நான் சொன்னது, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுத் திரும்பினேன், பொம்மையை அவனே எங்கேயோ வாங்கியிருந்தான் என்று. நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். மூன்று மணி நேரம் உட்கார்த்தி வைத்தீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள், நடுவில் இரண்டு முறை "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டீர்கள். ரமாபாய் மறுநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, கடைசில நீங்க கூட இருந்தீங்களே, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்று அழுதாள். காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன கஷ்டமோ.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினார்கள். இசக்கிப்பாண்டியின் மனைவி பேச்சித்தாய். திருநெல்வேலிப் பக்கம். எண்ணூரில் வாடகைக்கு இருந்தார்கள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கூட்டாளியக் கொன்னவரு வீட்டுப் பொம்பள வந்திருக்கேன்னு வெரட்டிராதிய. அவுக பொய் சொல்லுத மனுசன் இல்ல. தண்ணி குடிச்சிட்டிருந்தாகளாம். பின்னால இருந்து ஒரு ஆளு, அந்தா துப்பாக்கின்னு சொன்னானாம். அந்த ஆள இவுக திரும்பிப் பாக்கல. துப்பாக்கிக்காரன் மேல இருந்து கண்ண எடுக்க முடியலையாம். நீங்க அங்கதான நின்னிய. அவன் யாருன்னு பாத்தியளா?"

நான் யோசித்தேன். சரியாக நினைவில்லை, கூட்டமாக இருந்தது, யோசித்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமும் வந்தாள். ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கு கொண்டுவந்தாள். நீலச் சட்டை போட்ட ஒருவன் நின்ற மாதிரி இருக்கிறது, முகம் பிடிபடவில்லை என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் பட்டாளத்தில் ஒரு தடவைகூட மனிதர் மேல் சுட்டதில்லை என்றாள். ஜெயிலில் பார்க்கப் போகும்போதெல்லாம், போனில் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்களா என்று கேட்கிறாராம். அவர்கள் கல்யாணக் கதை, கலைந்துபோன கர்ப்பம், எல்லாம் சொன்னாள். நானும் மண்ணாங்கட்டியைப் பற்றிச் சொன்னேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், மேடம். ஒவ்வொரு வாரமும் நீலச் சட்டைக்காரனைப் பற்றி ஒரு விவரம் சொன்னேன். ஒரு வாரம் மீசை. ஒரு வாரம் செருப்பு. அவளை ஏமாற்றும் எண்ணமில்லை. வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் அவள் வருவது நின்றுவிட்டது. போன் அணைந்திருந்தது. ஜூனில் எண்ணூருக்குப் போய் விசாரித்தேன். வீடு பூட்டியிருந்தது. "அது ஊருக்கே போயிடுச்சு. இன்னாத்துக்கு தேடுற?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டாள். மறுநாள் காலையில் இங்கே வந்தேன். நான்கு மாதமாக ஒரு நிரபராதி உள்ளே இருக்கிறாரே என்று என் மனசாட்சி உறுத்தியது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படியே இருக்கட்டும்.

நீலச் சட்டைக்காரன் யாரும் இல்லை. அன்று நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்த பிறகு நான் நடைபாதைக்கு வந்தேன். மண்ணாங்கட்டி என்னிடமிருந்து பத்தடியில் நின்றான். அவனுடைய வலது காது என் பக்கம்தான் இருந்தது. "உள்ள வை" என்று பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். நான் அவனைத் தாண்டிச் சாலையைக் கடந்து போனேன். இசக்கிப்பாண்டி வண்டியோரம் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "சார், அந்தா அந்தாளு கையில துப்பாக்கி கீது" என்றேன். போலீஸில் ஒப்படைப்பார், மதிய வண்டி போய்விடும் என்றுதான். ரயில் நிலையம் வரை போக வேண்டியதில்லை என்று தோன்றியது.

அவர் பாட்டிலைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். ஒரு முறை கத்தினார். பிறகு திரும்பாமலே என்னிடம் கேட்டார். இதை அவர் உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "பொம்மையா, நெசந்தானா?" என்றார். சாபிரா மேடம் சொன்ன அந்த ஒரு நொடியை அவர் என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு எப்டி சார் தெரியும்?" என்றேன்.

அவர் இரண்டாவது முறை கத்தினார். மீதியை எழுதிவிட்டேன்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் கோயம்புத்தூருக்குப் போகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். போகவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஏட்டையாவிடம் ஒன்று கேட்டேன். உள்ளே போட்டால் ஒரு ரூமுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று.

"எத்தினி பேரா? முப்பது, நாப்பது பேரு கெடப்பானுங்க. கால நீட்ட எடம் இருக்காது. எந்நேரமும் எவனாச்சும் பேசிகினே இருப்பான், தூங்க வுட மாட்டானுங்க. ஏன்யா, பயமா கீதா?"

இல்லை என்றேன். கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும், மேடம்?